நன்றியும் வாழ்த்தும்: பொங்கல் அட்டையும் தொண்டைமானாற்று வயலும்

பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றில் என்ன ஓவியம் இருக்கும் என்பதை உறையைப் பிரிக்கு முன்னரே கூறிவிடலாம். நுரை தள்ளும் மட்பானை, இருபுறமும் சாய்த்து வைத்த கரும்பு, கொம்பில் வர்ணம் தீட்டிய காளை, பின்னால் ஓர் ஓலைக் குடிசை, அதற்கும் அப்பால் வாய்க்கால் பாயும் பசிய வயல், வயலின் விளிம்பிற் செஞ்ஞாயிறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள தொண்டைமானாற்றில் ஒரு வீட்டுச் சுவரில் இவ்வட்டையைக் கொண்டுபோய் மாட்டினால், யன்னலுக்கு வெளியே தெரியும் நிலத்துக்கும் அட்டையிலுள்ள நிலத்துக்கும் பொருத்தம் காண்பது கடினம். அங்கு ஆறு எனப்படுவது ஆறன்று. கடலோடு கலக்கும் உவர்நீரேரி. அது கரும்பு பயிராகும் ஊருமன்று. வயல்கள் உண்டு, ஆனால் அவை வாய்க்காலை நம்பியவை அல்ல, வானத்தை நம்பியவை. எனினும் தைமாதம் பிறக்க, இந்த அட்டைதான் அங்கும் வந்து சேர்ந்தது. இதனைத்தான் அங்கிருந்தும் பிற ஊர்களுக்கு அனுப்பினர்.

தைப்பொங்கலை விளக்கப் புகுவோர் அதனை 'உழவர் தம் நன்றியறிதல் விழா' என்பர். ஆங்கிலம் பயின்றோர் இன்னும் ஒருபடி மேற்சென்று, அமெரிக்கரின் நன்றி நவிலும் நாளுக்கு ஒப்பானது இது என்பர். பாடசாலைக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இவ்வொப்புமை பழகிப்போய்விட்டது. அது தவறென்று தள்ளிவிட முடியாது. ஆயின் ஒப்பிடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: நன்றி கூறுதல் வேறு, வாழ்த்துக் கூறுதல் வேறு. விழாவிற் செய்யப்படுவது முன்னது. அட்டையில் அச்சிடப்படுவது பின்னது. இவ்விரண்டும் எப்பொழுது, எவ்வாறு ஒன்றாயின என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். இன்று 'நன்றி' என்பதைப் பிறர் செய்த உதவிக்கு மறுமொழியாகக் கூறும் சொல்லாக வழங்குகின்றோம். பழைய வழக்கு அதுவன்று. திருக்குறளில் நன்றி என்பது பெரும்பாலும் நன்மை, செய்யப்பட்ட உதவி என்னும் பொருளில் வருவது. அதனை உணர்ந்து மறவாதிருத்தலைக் குறிக்கவே 'செய்ந்நன்றியறிதல்' என நீண்ட பெயர் அதிகாரத்துக்கு வேண்டியிருந்தது. நன்றி அறியப்படுவது, மறக்கப்படாதது, கொல்லப்படாதது. அது வாயாற் சொல்லித் தீர்க்கும் ஒன்றாக அங்கு இல்லை. யாழ்ப்பாணக் கிராமங்களிற் பெரியோர் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் அண்மைக்காலம்வரை அரிதாகவே இருந்தது. உதவிக்கு உதவிதான் மறுமொழி. வாழ்த்து என்ற சொல்லோ முன்னரே வாய்மொழியைச் சார்ந்தது. தொல்காப்பியம் செய்யுளியலிற் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து முதலியன வகுக்கப்பட்டுள்ளன. வழிபடும் தெய்வம் காக்க, வழிவழி சிறந்து பொலிக என ஒருவரை நோக்கிக் கூறுவது புறநிலை வாழ்த்து. பொங்கல் அட்டைகளில் அச்சாகும் வாசகங்கள் பலவும், எழுதியவர் அறிந்தோ அறியாமலோ, இவ்விலக்கணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆக, அட்டையின் பேச்சு பழையது; அட்டைதான் புதியது. அதுபோலவே பொங்கலின் நன்றியுணர்வு பழையது. அதனைச் 'சொல்லும்' வழக்கம் புதியது.

ஒப்புமையின் மறுபக்கமான அமெரிக்க விழாவைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். அது யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் அந்நியமான நாட்டின் கதையுமன்று. 1816 முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து தங்கிய அமெரிக்க மிஷனரிமார், பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சபையினால் அனுப்பப்பட்டவர்கள். தெல்லிப்பழையிற் பணியாற்றிய டானியல் பூவர் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். அம்மாநிலத்தின் கடற்கரையிலுள்ள பிளிமத்திலேதான் அமெரிக்கரின் நன்றி நவிலும் நாளுக்கு மூலமெனப்படும் விருந்து நடைபெற்றது.

1620இல் 'மேபிளவர்' என்னும் கப்பலில் ஏறத்தாழ 102 பேர் இங்கிலாந்திலிருந்து அங்கு சென்றனர். முதற் குளிர்காலத்திலேயே அவர்களிற் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோருக்குச் சோளம் பயிரிடும் முறையைக் கற்பித்தவர் திஸ்குவாந்தம் என்னும் பூர்வகுடி மனிதர். இவருடைய வரலாறு தனியாக எழுதத்தக்கது. 1614இல் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவனாற் கடத்தப்பட்டு ஸ்பெயினுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் சென்று, 1619இல் ஊர் திரும்பியபோது பற்றுக்செற் எனப்பட்ட அவருடைய கிராமம் கொள்ளைநோயால் அழிந்து வெறுமையாய்க் கிடந்தது. அந்த வெறுமையான கிராமத்தின் மீதுதான், அங்கு முன்னரே பண்படுத்தப்பட்டுக் கிடந்த வயல்களிலேதான், பிளிமத் குடியேற்றம் எழுந்தது. 1621ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்தபின் மூன்று நாள் விருந்து நடைபெற்றது. வம்பனோவாக் மக்களின் தலைவர் மசசோயிற் ஏறத்தாழ 90 பேருடன் வந்தார். அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர். இச்செய்தி குடியேறியோருள் ஒருவரான எட்வேட் வின்சுலோ 1621 டிசெம்பரில் எழுதிய கடிதத்தால் அறியப்படுவது. அக்கடிதத்தில் விருந்து உண்டு. 'நன்றி நவிலும் நாள்' என்ற பெயர் இல்லை. அச்சமயத்தாருக்கு நன்றி கூறும் நாள் என்பது ஆலயத்தில் இருந்து செபிக்கும் நாளேயன்றி விருந்துண்டு விளையாடும் நாளன்று.

முதல் நன்றி நவிலும் நாள் என்ற பெயரை 1621 விருந்துக்கு இட்டவர் அலெக்சாண்டர் யங் என்னும் பொஸ்ரன் நகரப் போதகர். தாம் பதிப்பித்த பழைய ஆவணத் தொகுதியின் அடிக்குறிப்பொன்றில், 1841இல், அவ்வாறு எழுதினார். அதே 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் 'உதயதாரகை' தோன்றியது. ஒரு விழாவின் தோற்றம் என்று உலகம் நம்புவது அவ்விழாவுக்கு 220 ஆண்டுகளின் பின் எழுதப்பட்ட அடிக்குறிப்பு என்பது வரலாற்று மாணவருக்குச் சுவையான செய்தி. (உடுவிலிற் பணியாற்றி, 1862இல் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியால் நம்மிடையே நிலைத்தவர் மைரன் வின்சுலோ. பெயரொற்றுமை கருதி மட்டுமே இங்கு குறிக்கப்படுகிறது.)

அதன்பின் அவ்விழாவை வளர்த்தது வயலன்று, அரசு. 1789 நவம்பர் 26ஆம் நாளை ஜோர்ஜ் வொஷிங்ரன் நன்றி நாளாக அறிவித்தார். பெண்கள் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியரான சாரா ஜோசெபா ஹேல், ஆண்டுதோறும் ஒரே நாளில் நாடு முழுவதும் இது கொண்டாடப்படல் வேண்டும் எனப் பல்லாண்டு எழுதியும் தலைவர்களுக்கு மடல் விடுத்தும் வந்தார். உள்நாட்டுப் போர் உக்கிரமாய் நடந்த 1863இல், ஒக்டோபர் 3ஆம் நாள், ஆபிரகாம் லிங்கன் அதற்கு இசைந்தார். பிளவுண்ட நாட்டை ஒரே பந்தியில் அமர்த்தும் கருவியாக அறுவடை விழா பயன்பட்டது. 1939இல் ரூஸ்வெல்ற் இவ்விழாவை ஒரு வாரம் முன்னே தள்ளினார். நத்தார் வணிகத்துக்கு நாட்கள் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்பதே காரணம். ஈற்றில் 1941ஆம் ஆண்டுச் சட்டம் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையை நிலையாக்கியது. மசசோயிற்றின் மக்களோ 1675, 1676ஆம் ஆண்டுப் போரிலேயே சிதைந்துபோயினர். அவருடைய மகன் மெற்றாகொமெற் அப்போரிற் கொல்லப்பட்டார். 1970 முதல் அவர்தம் வழித்தோன்றல்கள் அதே வியாழக்கிழமையில் அதே பிளிமத்தில் துக்கநாள் அனுட்டித்து வருகின்றனர். நிலத்தின் பயனுக்கு நன்றி கூறுபவரும் நிலத்தை இழந்தவரும் ஒரே ஊரில் ஒரே நாளிற் கூடுகின்றனர்.

இனி அட்டையின் கதைக்கு வரலாம். வாழ்த்து அட்டை இரண்டு கண்டுபிடிப்புகளின் குழந்தை: ஒன்று மலிவான தபால், மற்றொன்று வண்ண அச்சு. 1840இல் பிரித்தானியாவில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதனைக் கொணர்வதில் உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல், 1843இல் ஜோன் ஹோஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு முதலாவது நத்தார் அட்டையை வரைவித்து, ஒன்று ஒரு சிலிங் வீதம் விற்பித்தார். அத்தனை நண்பருக்கும் தனித்தனி கடிதம் எழுத நேரமின்மையே அவரை இதற்குத் தூண்டியது என்பர். வாழ்த்து அட்டை என்பது பிறப்பிலேயே எழுதாத கடிதம் என்று இதனால் ஒருவாறு கூறலாம். அமெரிக்காவில் இதனைப் பரப்பியவர் லூயி பிராங். ஜேர்மன் மண்ணிலிருந்து வந்து பொஸ்ரனிற் கல்லச்சுக்கூடம் நடத்திய அவர் 1870களின் நடுப்பகுதியில் நத்தார் அட்டைகளை வெளியிடலானார். மீண்டும் அதே மசாசூசெற்ஸ்.

நன்றி நவிலும் நாளுக்குரிய அட்டைகள் பெருகியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1907இல் தபாலட்டையின் முகவரிப் பக்கத்தில் ஒரு பாதியிற் செய்தியெழுத அமெரிக்கத் தபாற்பகுதி அனுமதி வழங்கியதும் மறுபக்கம் முழுவதும் ஓவியத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஓராண்டுக்குள் அந்நாட்டில் 67 கோடிக்கு மேற்பட்ட தபாலட்டைகள் அனுப்பப்பட்டன. அட்டைகளின் நேர்த்தியான அச்சுவேலை பெரும்பாலும் ஜேர்மனியில் நடைபெற்றது. 1914இற் போர் மூண்டதும் அவ்வரவு நின்றது. அவ்வட்டைகளில் என்ன வரைந்தனர்? வான்கோழி, பூசணி, சோளக்கதிர்க்கட்டு, வான்கோழி இழுக்கும் வண்டியில் அமர்ந்த குழந்தை, தேசக்கொடி. துக்கமோ பசியோ குளிரோ அவற்றில் இல்லை. அவற்றை வாங்கியோரிற் பலர் நகரத்துக்குக் குடிவந்து, தந்தையின் பண்ணையை நினைவில் மட்டும் வைத்திருந்தவர்கள். வயலை விட்டு அகன்றவனுக்கே வயலின் ஓவியம் வேண்டும். வயலில் நிற்பவன் அதனைக் காசு கொடுத்து வாங்குவதில்லை.

தமிழ்ப் பொங்கல் அட்டைக்கும் இக்கூற்று பொருந்தும். அது 20ஆம் நூற்றாண்டிற்குரிய பொருள். நகரங்களில் உத்தியோகம் பார்த்த நடுத்தர வகுப்பாரிடையே தோன்றி, சிவகாசியின் அச்சுத்தொழில் வளர்ந்தபின் சிற்றூர்க் கடைவரை பரவியது. 1923ஐ ஒட்டித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய அவ்வூர், தீப்பெட்டிச் சீட்டை அச்சிடப் பழகி, பின்னர் நாட்காட்டியையும் வாழ்த்து அட்டையையும் நாடெங்கும் வழங்கியது. அயலிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898-1976) அவர் மாணவரும் வரைந்த தெய்வ உருவங்கள் தமிழர் வீட்டுச் சுவர்களின் கண்ணையே பழக்கியவை. திராவிட இயக்கம் இவ்வட்டைக்குப் புதியதொரு பொருள் கொடுத்தது. சமயச் சார்பற்ற, சாதி பேதமற்ற 'தமிழர் திருநாள்' என்று பொங்கலை அது முன்னிறுத்தியபோது, தெய்வ உருவத்தின் இடத்தை உழவனும் ஏரும் ஞாயிறும் பெற்றன. உதயசூரியன் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தற் சின்னமான பின்னர் அட்டையிலுள்ள ஞாயிற்றுக்கு இரு பொருள் உண்டாயிற்று. இலங்கையிலும் 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னம் உதயசூரியனே. முற்றத்தில் நின்று வணங்கிய ஞாயிறு, தாளில் ஏறியதும் ஓர் இனத்தின் அடையாளமாயிற்று. லிங்கன் கண்ட ஒரே பந்தியை இவ்விடத்து நினைவுகூரலாம்.

அட்டையிலுள்ள வயல் எந்நாட்டு வயல்? ஐயமின்றிக் காவிரிப் படுகையுடையது. யாழ்ப்பாணத்தின் உண்மையை அறியத் தொண்டைமானாற்றுக்கே செல்லுதல் வேண்டும்.

மாணவர் பலருக்கு இவ்வூர்ப்பெயர் அங்குள்ள வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வினாத்தாள் வழியாகவே அறிமுகமானது. ஊரின் வரலாறோ உப்பிலிருந்து தொடங்குகிறது. முதலாங் குலோத்துங்கனின் படைத்தலைவனும் கலிங்கத்துப்பரணியின் நாயகனுமான கருணாகரத் தொண்டைமான் கரணவாய்ப் பகுதியின் உப்பைக் கப்பலேற்றும்பொருட்டு இந்நீர்வழியை வெட்டி ஆழமாக்கினான் எனவும், அதனால் இப்பெயர் வந்தது எனவும் மரபு கூறும். மரபின் உண்மை எவ்வாறாயினும், உப்பை நாடி வெட்டிய வழி என்ற கருத்து இந்நிலத்துக்குப் பொருத்தமானது. அவ்வழியே கடல்நீர் உள்ளே ஏறுகிறது. வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே நெடுந்தூரம் சென்று கரையோர வயல்களை உவராக்குகிறது. கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கும் நோக்குடன் 1950களின் தொடக்கத்தில் ஆற்றுவாயில் தடுப்பணை அமைக்கப்பட்டது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் குடாநாட்டின் நீரேரிகளை நன்னீராக்க வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் பெருந்திட்டத்திலும் இவ்வணைக்கு முக்கிய இடமுண்டு. அணைக் கதவுகள் பழுதுற்ற காலங்களில் உவர் மீண்டது. பின்னர் அணை புதுப்பிக்கப்பெற்றது. இங்கு உழவன் போராடுவது வறட்சியுடன் மட்டுமன்று, உப்புடனும் ஆகும்.

நெல் இங்கு ஆண்டுக்கு ஒருபோகம். ஆவணி, புரட்டாதியில் விதைத்து, ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைக்கால மழையை நம்பியிருப்பர். மழை குறைந்தால் பயிர் கருகும், மிகுந்தால் அழுகும். செம்மண் தோட்டங்களிற் கிணற்றுநீர் இறைத்து மிளகாய், வெங்காயம், புகையிலை செய்வர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாண விவசாயியின் கையிற் பணம் புரளச் செய்தவை மிளகாயும் வெங்காயமுமே. ஆயினும் பொங்கல் அட்டையில் வெங்காயத்தை வரைந்த ஓவியர் எவரையும் காண்பதரிது. உண்ணும் அரிசிக்கும் குடாநாட்டு வயல்கள் ஒருபோதும் போதியனவாக இருந்ததில்லை. அயலூரான வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் பர்மா அரிசியைக் கொணர்ந்த காலம் முதியோர் நினைவில் நெடுநாள் நின்றது. அங்கு கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் கப்பலை வில்லியம் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்க, தமிழ்க் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்ட் மாதம் மசாசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர். அன்னத்தின் பெயர் தாங்கிய கப்பல் நன்றி நவிலும் நாட்டுக்குச் சென்று சேர்ந்தது. விழாவுக்கு மூன்று மாதம் முந்திவிட்டது.

இத்தகைய நிலத்தில் தைப்பொங்கல் எதற்காக? தைமாதம் முதல்நாள் விடியுமுன் முற்றத்தை மெழுகி, அரிசிமாவாற் கோலமிட்டு, உலக்கை கிடத்தி, நிறைகுடம் வைத்து, மூன்று கல்லின் மீது புதுப்பானையேற்றுவர். பால் பொங்கி வழியும்போது சீனவெடி கொளுத்தப்படும். குடும்பத் தலைவர் இரு கையாலும் பச்சையரிசியை அள்ளி, பானையைச் சுற்றி இடுவார். வறுத்த பயறும் சர்க்கரையும் முந்திரிகையும் சேரும். தலைவாழையிலையிற் படைத்துக் கிழக்கு நோக்கி நிற்பர். இடையிற் பூசகர் இல்லை, மந்திரம் இல்லை, 'நன்றி' என்ற சொல்லும் இல்லை. மூன்று மாதம் முகிலால் மூடிக்கிடந்த வானத்தில் ஞாயிறு வெளிப்படும் காலம் அது. பல வயல்களில் நெல் அப்பொழுதும் முற்றும் விளைந்திராது. கதிர் முற்றுதற்கு வெயில் வேண்டும். பானையிலிட்ட அரிசியும் ஆகவே பெரும்பாலும் சென்ற ஆண்டினது, அல்லது கடையினது. யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல் முடிந்த அறுவடைக்கு நன்றி என்பதைக் காட்டிலும் முடியவேண்டிய அறுவடைக்கு வெயில் வேண்டி நிற்றல் என்பதே பொருத்தமாகும். மறுநாள் பட்டிப் பொங்கலிலே மாட்டுக்குச் செய்யப்படுவதுதான் செய்த உழைப்புக்குக் காட்டும் நன்றி. தமிழகத்தின் போகிக்கும் காணும் பொங்கலுக்கும் இங்கு இடம் குறைவு.

விளைந்த நெல்லுக்குரிய நன்றி இன்னும் சில நாள் கழித்தே வரும். தைப்பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து வயலில் முதற்கதிரை அறுத்துவந்து, உமி நீக்கிய சில மணிகளைப் பழைய அரிசியோடு கலந்து சமைத்து, குடும்பத்தார் கூடியிருந்து உண்பர். 'புதிர்' என்பது இதன் பெயர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலார் தைப்பூசத்துக்கு முதல்நாள் மட்டுவிலிலுள்ள கோயில் வயலுக்குச் சென்று, கதிரறுத்து, கோயிலுக்குக் கொணரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில், ஆகம முறையின்றி வாய்கட்டிப் பூசை செய்யும் கோயிலில், நேர்த்தி வைத்தவர் வந்து பொங்கிப் படைப்பதும் ஆண்டு முழுவதும் அன்னதானம் நிகழ்வதும் இதே மனப்பாங்கின் வேறொரு வடிவம். அன்னதானக் கந்தன் என்றே அம்முருகனுக்குப் பெயர். பெற்ற உணவுக்கு நன்றி இன்னொருவருக்கு உணவிடுதல். உதவிக்கு உதவியே மறுமொழி என மேலே கூறியது இங்கு தெய்வத்துக்கும் பொருந்துகிறது. புதிரையோ இவ்வன்னதானத்தையோ வாழ்த்து அட்டை எட்டிப் பார்த்ததில்லை. அனுப்புவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. அவ்விடத்திலேயே உண்டு முடிக்கப்படுவன அவை.

ஆயின் அட்டையை ஏளனஞ் செய்வதும் நியாயமாகாது. யாழ்ப்பாணத்துக்கு அட்டை வந்தது வயல் வழியாகவன்று, உத்தியோகத்தின் வழியாக. கொழும்பிலே எழுதுவினைஞராகவும் மலாயாவிலே புகையிரதப் பகுதி ஊழியராகவும் கடமையாற்றியோர் தைப்பொங்கலுக்கு ஊர் வர இயலாதபோது தாயின் கையிற் சேர்ந்தது ஒரு கடிதம் அல்லது அட்டை. படம் காவிரிக்கரையினதாக இருந்தாலென்ன, மறுபுறத்துக் கையெழுத்து மகனுடையது. அமெரிக்க அட்டையைப் போலவே இதுவும் பிரிவின் பொருள்.

அப்பிரிவு உத்தியோகத்தால் மட்டும் வருவதாக இருந்த காலம் 1980களோடு முடிந்தது. 1983இன் வன்செயல், 1987இன் வடமராட்சி நடவடிக்கை, 1990 முதல் வலிகாமம் வடக்கையும் அயலையும் மூடிய உயர் பாதுகாப்பு வலயம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை வேறுவகைப் பிரிவை உண்டாக்கின. தொண்டைமானாற்றின் மேற்கே உள்ள வளலாய் மக்கள் தம் வயலையும் தோட்டத்தையும் விட்டு வெளியேறினர். வேலிக்கு அப்பால் நிலம் கண்ணுக்குத் தெரியும். கால் வைக்க முடியாது. ஏ-9 பாதை 1990 முதல் 2002 வரை மூடப்பட்டிருந்த ஆண்டுகளிற் கடிதமே ஊர் சேர்வது அரிதாயிற்று. அகதி முகாமிலும் உறவினர் வளவிலும் மூன்று கல் வைத்துப் பொங்கினர். முற்றம் பிறருடையது; ஞாயிறு மட்டும் பொது. பொங்கலை எங்கும் செய்யலாம் என்பது அக்காலத்திற் புலப்பட்டது. புதிரை அவ்வாறு செய்ய முடியாது. அதற்குச் சொந்த வயலில் விளைந்த கதிர் வேண்டும். வளலாயில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் நின்றுபோனது பொங்கலன்று, புதிர்.

புலம்பெயர்ந்தோர் நாடுகளில் இதன் மறுதலை நிகழ்ந்தது. ரொறன்ரோவில் அடுக்குமாடியின் மின்னடுப்பில், பனி மூடிய தைமாதத்திலும் பால் பொங்குகிறது. கனடாவின் சொந்த நன்றி நவிலும் நாள் ஒக்டோபர் மாதத்து இரண்டாந் திங்கள். 1957 முதல் அவ்வாறு நிலைபெற்றது. 2016இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தை பிறக்கும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. ஆக அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு நன்றி நாட்கள் உண்டு, வயல் ஒன்றுமில்லை. தைமுதல்நாட் காலையிற் கைத்தொலைபேசிக்கு வந்துசேரும் படத்தில் அதே பானை, அதே கரும்பு, அதே குடிசை. தபாலும் தாளும் ஒழிந்தபின்னும் காவிரிக்கரை ஒழியவில்லை. வல்வெட்டித்துறையிலிருந்தும் தொண்டைமானாற்றிலிருந்தும் சென்றவரின் பேரப்பிள்ளைகள் தம் மூதாதையர் ஊர் அவ்வாறுதான் இருந்தது என்று எண்ணினால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. உவர்நீரும் பனையும் தடுப்பணையும் கொண்ட அட்டையை அவர்களுக்கு ஒருவரும் வரைந்து கொடுக்கவில்லை.

2015இல் வளலாயின் காணிகளிற் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டது. திரும்பியவர் கண்டது பற்றை மூடிய நிலமும் தூர்ந்த கிணறும். உறுதியை வைத்திருந்தோரும் எல்லையைத் தேடவேண்டியிருந்தது. பற்றை வெட்டி, கிணறு கலக்கி, மழை பார்த்து விதைத்து, முதற்கதிர் முற்றும்வரை அந்நிலத்தில் தைப்பூசம் நாட்காட்டியில் மட்டுமே இருந்தது. கதிர் முற்றியபின், அறுத்த முதற்பிடியிற் சிறிதை எடுத்து, வழக்கப்படி வீட்டு வாசலிற் கட்டினர்.